சிக்குன்குனியா கணக்குல யாரு இருக்காங்க, யாரு இல்ல?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிக்குன்குனியா வந்து போனவங்களுக்கு மூட்டு வலி வருஷக்கணக்கா விடாதுன்னு போன வாரம் உங்க பேப்பர்ல சதவீதம்லாம் போட்டு ஒரு செய்தி வந்துச்சு. வலி பொய்னு நான் சொல்ல வரல. எங்க தெருவுல பூ கட்டுற அக்கா ஒருத்தங்க காலைல விரலை மடக்க முடியாம வெந்நீர்ல கையை முக்கி முக்கி எடுத்துட்டு அப்புறம்தான் நாரையே தொடுவாங்க. ஆனா அவங்க எந்த கணக்குலயும் இல்ல. காய்ச்சலப்போ மெடிக்கல்ல மாத்திரை வாங்கி போட்டு நிலவேம்பு குடிச்சதோட சரி, பிளட் டெஸ்ட்டே எடுக்கல.

நீங்க சொன்ன ஆய்வு மூட்டு டாக்டர்கிட்ட வந்தவங்களை வச்சு பண்ணது. அங்க வலி தாங்காதவங்கதானே வருவாங்க, பத்து நாள்ல சரியாகி வேலைக்கு போனவரு ஏன் வந்து டோக்கன் போடப்போறாரு, அப்போ சதவீதம் எகிறத்தான செய்யும். ஏற்கனவே முட்டி தேஞ்ச பாட்டிங்களும் "அந்த காய்ச்சல்ல இருந்துதான்பா இப்படி"ன்னுதான் சொல்லுவாங்க. காய்ச்சலே வராத அதே வயசுக்காரங்கள்ல எத்தனை பேருக்கு முட்டி வலின்னு பக்கத்துல வச்சு பாக்காம எல்லாத்தையும் கொசு தலையில கட்டுனா எப்படி?

அரசாங்க கணக்கு இதுக்கு நேர் எதிர். 2006-ல நாடு முழுக்க சந்தேக கேஸ் கிட்டத்தட்ட 14 லட்சம், லேப்ல உறுதியானது வெறும் 2,000 சொச்சம். முதல் சில நாள்லயே ஐஜிஎம் டெஸ்ட் (ரத்தத்துல நோய் எதிர்ப்பு பொருள் இருக்கான்னு பாக்குறது) எடுத்தா நோய் இருந்தும் நெகட்டிவ் வரலாம், அது வேற. சாவு ஒண்ணுகூட இல்லைன்னுட்டாங்க. ஆனா அகமதாபாத் இறப்பு பதிவை முந்தின வருஷங்களோட ஒப்பிட்டு பாத்தா, சிக்குன்குனியா பரவுன அந்த ஆகஸ்ட் டூ நவம்பர்ல 2,944 பேர் வழக்கத்தைவிட கூடுதலா செத்திருக்காங்க. அத்தனையும் இந்த வைரஸால்தான்னு யாரும் அடிச்சு சொல்ல முடியாது, சரி, அதுக்காக பூஜ்யமா? அதே சமயத்துல இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற ரீயூனியன் தீவுல மூணுல ஒருத்தருக்கு வந்துச்சு, அங்க இருநூறுக்கும் மேல இறப்பு சான்றிதழ்ல சிக்குன்குனியா பேரை எழுதியிருக்காங்க. இங்க சுகர், ஹார்ட்டுன்னு எழுதி முடிச்சுட்டா எண்ணிக்கை எங்க இருந்து வரும்.

அடுத்த தடவை சதவீதம் போடும்போது யாரை எங்க வச்சு எண்ணுனாங்கன்னு ஒரு வரி சேர்த்து போடுங்க. அரசாங்கத்துக்கும் ஒண்ணு: தொட்டி தொட்டியா கொசுப்புழு பாக்க வீட்டுக்கு வர்ற டிபிசின்னு சொல்ற கொசு ஒழிப்பு ஆளுங்ககிட்ட ஒரு நோட்டை குடுத்து, காய்ச்சல் வந்த வீடு வராத வீடு ரெண்டுலயும் மூட்டு வலி இருக்கான்னு கேட்டு எழுதச் சொல்லலாம். அந்த வேலைக்கு சம்பளத்தையும் சேர்த்து குடுத்துருங்க சார்.

இப்படிக்கு,
திண்டுக்கல் வாசகர் ஒருவர்