தண்ணீர் லாரியும் பட்டாவும்

சின்லி, அரிசோனா
நவம்பர் 2025

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய படத்தை மூன்று தடவை பார்த்துவிட்டேன். கனடாவின் வடக்கே, நீ இருக்கும் யெல்லோநைஃபுக்குப் பக்கத்து டெட்டாவில் ஒரு வீட்டு வாசல், பனி, தண்ணீர் லாரி. டிரைவர் குழாயை இழுத்து வந்து வீட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டிருக்கிறார். படம் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குக் கீழே நீ எழுதியிருந்ததுதான் எனக்கு உறுத்தியது. "இவங்களும் டெனே ஜனங்கதானே அம்மா. இங்க லாரி வீட்டுக்கே வருது. அங்க நவஹோ ஊர்ல மட்டும் ஏன் இன்னும் அப்படியே இருக்காங்க? கொஞ்சம் முயற்சி பண்ணியிருக்கலாம்ல?"

போனில் பதில் சொல்லியிருந்தால் சண்டையில் முடிந்திருக்கும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

என் வகுப்பில் ஒரு பையன் திங்கட்கிழமை ஆனால் தூங்குவான். முதல் மாதம் திட்டினேன். அப்புறம்தான் தெரிந்தது, சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவனுக்குத் தண்ணீர் வேலை. பிக்கப் வண்டியின் பின்னால் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியைக் கட்டிக்கொண்டு சாப்டர் ஹவுஸ் என்கிற ஊர்ச் சபைக் கட்டடத்தின் குழாயடிக்குப் போக வேண்டும், வரிசையில் நின்று பிடிக்க வேண்டும், சகதிப் பாதையில் ஆடாமல் வீடு கொண்டுவந்து சேர்க்க வேண்டும். போக வர 60 மைல். அவன் பாட்டி வீட்டுக்கு ஒரு நடை, அத்தை வீட்டுக்கு ஒரு நடை. இந்த நவஹோ மண்ணில் பத்தில் மூன்று வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. பெட்ரோலும் வண்டித் தேய்மானமும் சேர்த்தால், பீனிக்ஸில் புல்தரைக்குத் தண்ணீர் விடுகிறவனைவிட இந்தப் பையன் வீட்டில் லிட்டருக்குப் பல மடங்கு செலவாகிறது. முதுகுளத்தூர்ப் பக்கம் இடுப்பில் குடம் வைத்து நடந்தவள் உன் அம்மா. தண்ணீருக்குப் போகிறவனைப் பார்த்து முயற்சி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் நீ கேட்டதில் பாதி சரி. இரண்டு பேரும் ஒரே ஜனம்தான். இங்கே நவஹோக்கள் தங்களை டினே என்கிறார்கள், அங்கே டெனே. இரண்டுக்கும் மக்கள் என்றே பொருள். பல நூற்றாண்டுக்கு முன்னால் வடக்கிலிருந்து இறங்கி வந்த கிளை இது. தண்ணீருக்கு இங்கே தோ, அங்கே சிப்பெவயன் என்ற டெனே மொழியில் தூ, உன் பக்கத்து ட்லிச்சோ என்ற டெனே கிளைக்காரர்களுக்கு அது தி. நமக்குத் தீ என்றால் என்ன, அவர்களுக்கு என்ன என்று நினைத்து நான் தனியாகச் சிரித்தேன். நம் கணக்கில் சொன்னால் பங்காளிகள். பங்காளி வீடு இரண்டில் ஒன்று மாடி கட்டி, ஒன்று ஓலையிலேயே இருந்தால், ஊரில் என்ன கேட்பார்கள்? பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்றுதான். அதைத்தான் நீயும் கேட்டிருக்க வேண்டும்.

இவர்கள் பத்திரம் 1868 ஜூன் 1 அன்று எழுதப்பட்டது. அதற்கு முந்தைய நான்கு வருடம் இவர்கள் கைதிகள். 1864 முதல் கூட்டம் கூட்டமாக இங்கிருந்து நடத்தியே கிழக்கு நியூ மெக்சிகோவுக்குக் கொண்டுபோய் அடைத்து வைத்திருந்தார்கள். அந்த இடத்தின் பேர் ஹ்வேல்டி. அந்தப் பேரை இங்கே வயதானவர்கள் இன்றைக்கும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். குளிரிலும் பசியிலும் நோயிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். பார்பொன்சிட்டோ என்ற தலைவர் ஜெனரல் ஷெர்மனிடம் கேட்டதன் சாரம் ஒன்றுதான், எங்களை ஊருக்கு விடுங்கள் என்று. அவர் டினே மொழியில் சொன்னது ஸ்பானிஷுக்குப் போய், அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. கூண்டில் இருப்பவன் வாசலைத்தான் கேட்பான், மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்றா பேரம் பேசுவான்?

அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து எனக்கு மனப்பாடம். 6 முதல் 16 வயது வரை 30 குழந்தைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், ஓர் ஆசிரியர் தருவோம் என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்திருக்கிறது. 157 வருடம் கழித்து அந்த ஓர் ஆசிரியர் இராமநாதபுரத்திலிருந்து வந்திருக்கிறாள். என் வகுப்பில் 34 பேர். நான்கு பேரை ஒப்பந்தத்துக்கு மேலே சும்மா சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

தண்ணீர் விஷயம் 2023இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. எங்களுக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்று கணக்கெடுத்து, அதை வாங்கித் தர வழி செய்யுங்கள் என்றுதான் இவர்கள் கேட்டார்கள். 1868 ஒப்பந்தம் அப்படி எதையும் செய்யச் சொல்லி அரசாங்கத்தைக் கட்டாயப்படுத்தவில்லை என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. மாறுபட்டு எழுதிய நீதிபதி கோர்சச், வண்டி லைசென்ஸ் ஆபீஸில் வரிசை வரிசையாக அலைக்கழிக்கப்படுகிறவன் அனுபவத்தோடு இதை ஒப்பிட்டார். நம் ஊர் ஆர்டிஓ ஆபீஸ்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

இப்போது நிலம். பட்டா வாஷிங்டன் பேரில், இவர்களுக்கு அனுபவ பாத்தியம் மட்டும். நம் பக்கத்து வீட்டுப் பாட்டி, நாம் இவர்கள் மொழியில் ஷிமாசானி என்று கூப்பிடுகிறவள், அவள் மகன் வீடு கட்ட ஆசைப்பட்டான் ஞாபகம் இருக்கிறதா? மேய்ச்சல் உரிமை வைத்திருப்பவரிடம் சம்மதம், தொல்லியல் ஆய்வு, அளவை, அப்புறம் மேலே ஒப்புதல். எல்லாம் முடிந்தாலும் அது குத்தகைதான். குத்தகை மண்ணை அடமானம் வைக்கப் போனால் எந்த பேங்க் வாங்கும்? கடைசியில் அதிக வட்டிக்கு டிரெய்லர் வீடு ஒன்று வாங்கினான். வீடு வருடா வருடம் விலை குறைந்துகொண்டே போகிறது, வட்டி மட்டும் குறையவில்லை. ஒரு மளிகைக் கடை போடுவதற்கும் இதே சுற்றுதான். அதனால்தான் சம்பள நாளில் ஜனம் எல்லாம் நவஹோ எல்லைக்கு வெளியே இருக்கிற கேலப்புக்கும் ஃபார்மிங்டனுக்கும் வண்டியை விடுகிறது. இங்கே சம்பாதித்த காசு இங்கே ஒரு ராத்திரி தங்குவதில்லை.

நிலக்கரி கதை இன்னும் மோசம். இங்கே பிளாக் மேசா மேட்டில் வெட்டிய நிலக்கரிக்கு 1964 குத்தகையில் இவர்களுக்கு டன்னுக்கு அதிகபட்சம் 37.5 சென்ட். 1980களில் திருத்தும் நேரம் வந்தபோது விற்கிற பணத்தில் 20 சதவீதம் என்று ஓர் அதிகாரி எழுதினார். கம்பெனி தரப்பு ஆள் உள்துறைச் செயலரைத் தனியாகப் பார்த்துவிட்டு வந்தார், கோப்பு அப்படியே நின்றது, கடைசியில் 12.5க்கு இவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். வழக்குப் போட்டு 2003இல் அதிலும் தோல்வி. அந்த நிலக்கரி எங்கே எரிந்தது தெரியுமா? பேஜ் ஊரில் இருந்த அனல் மின் நிலையத்தில். அந்த மின்சாரம்தான் கொலராடோ ஆற்றுத் தண்ணீரை மேட்டில் ஏற்றி பீனிக்ஸுக்கும் டூசானுக்கும் தள்ளியது. மின்கம்பி போகிற பாதையில் ஹோகன் என்கிற இவர்கள் மரபு வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு. 2019 நவம்பரில் அதையும் மூடிவிட்டார்கள், வேலையும் போயிற்று.

சரி, உன் பக்கத்துக்கு வருகிறேன். அங்கேயும் பத்திரம் இருந்தது. 1920இல் நார்மன் வெல்ஸில் எண்ணெய் கிடைத்தது, அடுத்த வருடமே ஒப்பந்தம் 11 என்ற பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கனடா அதிகாரிகள் படகில் வந்துவிட்டார்கள். தலைக்கு வருடம் 5 டாலர். இன்றைக்கும் அதே 5 டாலர்தான், விழா மாதிரி கொடுக்கிறார்கள் என்று நீயே சொன்னாய். ஆனால் அந்தப் பத்திரத்தில் சொன்னபடி நிலம் ஒதுக்கும் வேலையை அரசாங்கம் பெரும்பாலும் செய்யவே இல்லை. அந்த அலட்சியம்தான் பின்னால் டெனேக்களுக்குக் கைகொடுத்தது. 1973இல் நீதிபதி மாரோ ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களிடம் கேட்டார். நாங்கள் மண்ணை விற்கவில்லை, சமாதானத்துக்குத்தான் கைகொடுத்தோம் என்றார்கள். அவர்கள் மண்ணுரிமை போய்விட்டது என்று சொல்ல முடியாது என்று அவர் எழுதினார். மேல்முறையீட்டில் அந்த வழக்கு நிற்கவில்லை, ஆனால் பேச்சு மறுபடி தொடங்கிவிட்டது. 1977இல் பெர்கர் விசாரணை, மெக்கன்சி பள்ளத்தாக்கு வழியாகப் போட இருந்த எரிவாயுக் குழாய்ப் பாதையைப் பத்து வருடம் தள்ளிப் போடச் சொன்னது. அதன் பிறகு நடந்த பேரத்தில் எதிரே உட்கார்ந்தவர்கள் கைதிகள் இல்லை, பக்கத்தில் வக்கீல்களை வைத்துக்கொண்டவர்கள்.

2003இல் ட்லிச்சோக்காரர்கள் கையெழுத்துப் போட்டு, 2005இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையில் 39,000 சதுர கிலோமீட்டர், மேல் மண்ணும் அடி மண்ணும் அவர்களுக்கே. நான்கு ஊர், சுமார் 3,000 பேர். நான் கணக்கு டீச்சர், பொறு: தலைக்கு 13 சதுர கிலோமீட்டர். இங்கே 70,000 சதுர கிலோமீட்டர், சுமார் 1,65,000 பேர், தலைக்கு அரைகூட இல்லை. அதுவும் அனுபவ பாத்தியம். வைரச் சுரங்கம் வந்தபோதும் அவர்களோடு ஒப்பந்தம் போட்டு, வேலையிலும் காசிலும் பங்கு தந்துவிட்டுத்தான் தோண்டினார்கள். டெட்டா அந்த நான்கு ஊரில் ஒன்று இல்லை, ஆனால் உன் பக்கத்தில் பேரம் பேசும் பலம் இப்படித்தான் வந்தது. உன் படத்துத் தண்ணீர் லாரி ஊராட்சியின் வேலை, அவரவர் பாடு இல்லை.

இரண்டு வீட்டுக்கும் பொதுவாக வந்த ஒரு சாபமும் உண்டு. யுரேனியம். உன் ஊருக்கு வடக்கே கிரேட் பேர் ஏரிக்கரையில் வெட்டிய தாதுவை டெலினே ஊர் ஆண்கள் மூட்டையாக முதுகில் சுமந்து படகில் ஏற்றினார்கள். அணுகுண்டுத் திட்டத்துக்கு அதுவும் போனது. 1998இல் அந்த ஊர்ப் பெரியவர்கள் ஹிரோஷிமாவுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்கள். யார் யாரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு, பார். இங்கே 1944 முதல் 1986 வரை சுமார் 3 கோடி டன் யுரேனியத் தாது வெட்டினார்கள். 500க்கு மேல் கைவிட்ட சுரங்கங்கள் இன்னும் கிடக்கின்றன. 1979இல் சர்ச் ராக்கில் கழிவு அணை உடைந்து ஆற்றில் கலந்தது. இவ்வளவு வறட்சியிலும் சில கிணறுகளில் குடிக்காதே என்று பலகை வைத்திருப்பது அதனால்தான்.

ஷிமாசானியின் கணவர் அந்தச் சுரங்கங்களில் ஒன்றில் வேலை பார்த்தவர், நுரையீரல் போய் இறந்தார். 1990இல் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. விண்ணப்பம் கொண்டுபோனபோது கல்யாணப் பத்திரம் எங்கே என்று கேட்டார்கள். கூடையில் சோளக் கூழ் வைத்து, இருவரும் ஒரே கூடையில் எடுத்துச் சாப்பிட்டு நடந்த கல்யாணத்துக்கு எங்கே போய்ப் பத்திரம் வாங்குவாள்? இந்த மண்ணில் நிறைய விதவைகளுக்கு இதே கதை. 2024இல் அந்தச் சட்டமே காலாவதியாகி, 2025 ஜூலையில்தான் மறுபடி உயிர் வந்திருக்கிறது. நான் அவளுக்காக மறுபடியும் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது தடவை.

உன் ஊரையும் ரொம்பத் தூக்கி வைக்காதே. யெல்லோநைஃபில் ஜெயன்ட் தங்கச் சுரங்கத்துக்கு அடியில் 2,37,000 டன் ஆர்சனிக் தூள் இருக்கிறது. 1951இல் அந்த நச்சால் ஒரு டெனே குழந்தை செத்தது. நீ படம் பிடித்த டெட்டாவில் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். டயாவிக் வைரச் சுரங்கம் 2026இல் நிற்கப்போகிறது என்கிறார்கள். பேஜ் ஊரில் நாங்கள் பார்த்ததை அப்போது நீ அங்கே பார்ப்பாய். அரசாங்கச் சம்பளக்காரர்கள் நிறைந்த ஊரில் சராசரி வருமானம் நன்றாகத்தான் தெரியும். சின்ன ஊர்களுக்குப் போய் ஒரு வீட்டில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று எண்ணிப் பார், பால் என்ன விலை என்று கேள். சராசரி என்பதை நம்பாதே என்று உனக்கு ஏழாவதிலேயே சொல்லிக் கொடுத்தேன்.

இங்கே இருந்து அங்கே இல்லாதவையும் உண்டு. 1968இல் தங்களுக்கென்று ஒரு கல்லூரி தொடங்கினார்கள், பழங்குடிகளே நடத்திய முதல் கல்லூரி அது. சொந்தப் போலீஸ், சொந்தக் கோர்ட்டு. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் மொழி பேசுகிறார்கள். ட்லிச்சோ பேசுகிறவர்கள் இரண்டாயிரம் பேர் அளவில்தான். இங்கே வானொலியில் விளம்பரம்கூட டினே மொழியில் வரும், நீ சின்ன வயதில் அதைக் கேட்டுத்தான் பாதி மொழி கற்றாய். முயற்சி பண்ணாத ஜனமா இது?

கோபமாக எழுதிவிட்டேனோ என்னவோ. இரண்டு மாதத்தில் ஓர் ஊரைப் பற்றித் தீர்மானம் பண்ணிவிடுகிற வயசு உனக்கு. வந்த புதிதில் நானும் அந்தத் தூங்குமூஞ்சிப் பையனைத் திட்டியவள்தானே.

ஷிமாசானியிடம் உன் படத்தைக் காட்டினேன். லாரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, அந்த ஊரில் எப்படி எண்ணுவார்கள் என்று கேட்டாள். இணையத்தில் தேடிச் சொன்னேன். இங்கே நாக்கி, தா, தீ. அங்கே நாக்கே, தை, தீ. இரண்டு, மூன்று, நான்கு. அவளுக்கு ஒரே சிரிப்பு. உன் ஆஸ்பத்திரிக்கு வரும் பாட்டிகளில் யாராவது சம்மதித்தால், ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு வீடியோவில் கூப்பிடு. இரண்டு ஊருக்கும் இப்போது ஒரே மணிதான். பத்து வரை சேர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டுமாம். ஒன்று என்ற எண்ணும், ஐந்திலிருந்து மேலேயும் இடிக்கும், அதை நான் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன்.

நீல மக்காச்சோள மாவு அனுப்பியிருக்கிறேன். கஞ்சி காய்ச்சும்போது கட்டி விழாமல் கிண்டு.

அன்புடன்,
அம்மா