ஏஐ பதிலில் எண் வந்தால் நின்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மனு எழுதவும், ஆங்கிலக் கடிதத்துக்கு அர்த்தம் கேட்கவும், பட்டாவைப் படித்துச் சொல்லவும் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) செயலிகளான சாட்ஜிபிடி, ஜெமினி, வாட்ஸ்அப்பில் நீல வளையமாக நிற்கும் மெட்டா ஏஐ ஆகியவை நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அன்றாடப் புழக்கத்துக்கு வந்துவிட்டன. நல்லதுதான். ஒரு விண்ணப்பம் எழுதவே அடுத்தவரிடம் போய் நின்றவர்களுக்கு இது பெரிய ஒத்தாசை. ஆனால் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு எளிய அடையாளம் ஒன்று உண்டு. பதிலில் எண் வந்தால் நின்று பாருங்கள்.

இந்தச் செயலிகள் ஒரு சொல்லுக்கு அடுத்து எது வரப் பொருத்தம் என்று கணித்துக் கணித்துத்தான் வாக்கியத்தை உருவாக்குகின்றன. சர்வே எண், தேதி, அரசாணை எண், தொலைபேசி எண் எல்லாவற்றையும் பல நேரம் அதே முறையில்தான் தருகின்றன. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துச் சொல்வதில்லை. சொல் பிசகினால் வாசிக்கும்போதே இடறும். எண் பிசகினால் இடறாது.

பட்டாவையே எடுத்துக்கொள்வோம். அதில் பரப்பு ஹெக்டேர், ஏர் என இரண்டாகப் பிரித்து ‘0 - 8.50’ என்று இருக்கும். அதாவது எட்டரை ஏர். ஓர் ஏர் 2.47 சென்ட் என்பதால் மொத்தம் 21 சென்ட். மங்கலான புகைப்படத்தில் இதையே 0.850 ஹெக்டேர் என்று செயலி படித்துவிட்டால் 21 சென்ட் 210 சென்ட் ஆகிவிடும், விளக்கமும் வெகு நேர்த்தியாக வரும். பரப்பை நீங்களே தட்டச்சு செய்து, ‘ஹெக்டேர் 0, ஏர் 8.50, இதைச் சென்ட்டாக மாற்று’ என்று கேளுங்கள். வந்த விடையைக் கால்குலேட்டரில் ஒரு முறை பெருக்கிப் பாருங்கள்.

கல்குளம், விளவங்கோடு பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1-க்கு முன் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த காலத்துப் பிரமாணங்கள் (பத்திரங்கள்) பலவும் மலையாளத்தில், மலையாள ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டில் எழுதப்பட்டவை. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆங்கில ஆண்டு கிடைக்க, ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய உள்ள தேதிக்கு 824 கூட்ட வேண்டும். ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. ஆகவே 1112 ஐப்பசி என்றால் 1936, 1112 பங்குனி என்றால் 1937. செயலி எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் கூட்டிவிடக்கூடும். யார் பெயருக்கு முதலில் எழுதிக் கொடுத்தது என்ற வழக்கில் ஓர் ஆண்டு தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கையெழுத்துப் பிரமாணத்தைப் படம் எடுத்து ‘மொழிபெயர்’ என்று மட்டும் சொன்னால், படிக்க முடியாத இடத்தையும் அது தானாக இட்டு நிரப்பிவிடும். நான்கெல்லை எழுதிய வரியில் அப்படி நடந்தால் கிழக்கே இருந்த தோடு (ஓடை) மேற்கே போய்விடும். அதனால் பிளாஷ் போடாமல், பகல் வெளிச்சத்தில், ஒரு படத்துக்கு ஒரு பக்கம் என்று எடுங்கள். முதலில் ‘வரி வரியாக மலையாளத்திலேயே எழுது, படிக்க முடியாத இடத்தில் கோடு போடு’ என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பு அதற்குப் பிறகுதான். அதே படத்தைப் புதிய உரையாடலில் இன்னொரு முறை கொடுங்கள். இரண்டு பதிலும் வேறுபடும் வரிகளில் கோளாறு இருப்பது உறுதி. அவற்றைக் குறித்துக்கொண்டு மலையாளம் தெரிந்த பத்திர எழுத்தரிடம் போனால் அவருக்கும் வேலை குறையும். இரண்டும் ஒத்துப்போனாலும் அது முடிந்த முடிவல்ல. கிரயம், வழக்கு என்று வந்தால் சார்பதிவாளர் அலுவலகத்துச் சான்றிட்ட நகல்தான் பேசும்.

குழந்தையின் காய்ச்சல் மருந்தில் இந்த எண் பிழை உயிரோடு விளையாடும். பாரசிட்டமால் 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பாகவும், 250 உள்ள சிரப்பாகவும், ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தாகவும் கிடைக்கிறது. 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், முதல் பாட்டிலில் அது 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. ‘எத்தனை மில்லி கொடுக்கலாம்’ என்று பொதுவாகக் கேட்டு, வந்த 6 மில்லியைச் சொட்டு மருந்திலிருந்து ஊற்றினால் நான்கு மடங்கு உள்ளே போகிறது. அளவு மீறினால் கல்லீரல் கெடும். பாட்டில் லேபிளில் உள்ள ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அளவை மருத்துவரோ மருந்தாளுநரோ சொல்லட்டும்.

கடலுக்குப் போகலாமா என்று செயலியிடம் கேட்பவர்களும் உண்டு. காற்று குறைவு, வானம் தெளிவு, போகலாம் என்று அது சொல்லக்கூடும். நம் கரையைத் தாக்கும் கள்ளக்கடலுக்கு உள்ளூர்க் காற்று தேவையே இல்லை. தெற்கே வெகு தொலைவில் வீசிய புயலின் அலை இங்கே வந்து மோதுகிறது. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துச் சென்ற நாளிலும் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. இதற்கென்றே மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் நிறுவனமும் வானிலை ஆய்வு மையமும் அறிவிப்பு வெளியிடுகின்றன. மீன்வளத் துறை அதைத் துறைமுகங்களுக்குச் சொல்கிறது. அன்றைய தேதியிட்ட அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

வங்கி, எரிவாயு நிறுவனங்களின் உதவி எண்ணையும் செயலியிடம் கேட்காதீர்கள். மோசடிக்காரர்கள் போலி எண்களை இணையத்தில் விதைத்து வைத்திருக்கிறார்கள், செயலி அதை அப்படியே எடுத்துத் தந்துவிடக்கூடும். வங்கியின் எண் ஏடிஎம் அட்டையின் பின்புறமே இருக்கிறது. மோசடியில் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

நாம் அதற்குக் கொடுக்கும் எண்களிலும் கவனம் வேண்டும். ஆதார், வங்கிக் கணக்கு, ஓடிபி எதையும் அதில் இடக் கூடாது. போன் கேலரியில் உள்ள பேனாவால் ஆதார் எண்ணைக் கறுப்பாக்கி அனுப்புவது போதாது. ஹைலைட்டர் வகைக் கோடு என்றால் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் எண் தெரிந்துவிடும். பக்கத்தில் உள்ள கியூஆர் கட்டத்திலும் பெயர், முகவரி, படம் எல்லாம் இருக்கின்றன. எண்ணின் மேலும் கட்டத்தின் மேலும் துண்டுக் காகிதம் வைத்துப் படம் எடுங்கள். சாட்ஜிபிடியில் செட்டிங்ஸ், டேட்டா கன்ட்ரோல்ஸ் என்று போய், ‘இம்ப்ரூவ் த மாடல் ஃபார் எவ்ரிஒன்’ என்பதை அணைத்துவிட்டால் அதன் பிறகு நடக்கும் உங்கள் உரையாடல் செயலியின் பயிற்சிக்குப் போகாது.

எண்ணை நாம் கொடுத்து எழுத்து வேலையை மட்டும் வாங்கினால் இது கெட்டிக்காரப் பிள்ளை. தகவல் அறியும் உரிமை மனுவுக்கு, எந்த அலுவலகம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த ஆவணத்தின் நகல் என்று நீங்கள் சொன்னால் அருமையாக வடித்துத் தரும். பிறகு இரண்டை மட்டும் அடித்துவிடுங்கள். ஒன்று, ஏன் கேட்கிறேன் என்ற கதை. பிரிவு 6(2)-ன்படி காரணம் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, நீங்கள் சொல்லாமல் அதுவாகச் சேர்த்த அரசாணை எண். தமிழக அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

இ-சேவை மையங்களில் மக்களின் ஆவணங்களை ஊழியர்கள் தங்கள் சொந்தக் கணக்கில் உள்ள ஏஐ செயலிகளில் ஏற்றக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் எழுத்தில் அறிவுறுத்த வேண்டும். தங்கள் நாளிதழும் கள்ளக்கடல் எச்சரிக்கை உள்ள நாட்களில் அலையின் உயரத்தையும், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதையும் மாவட்டப் பக்கத்தின் மேலேயே கட்டம் கட்டி வெளியிட்டால், கரையோர மக்கள் செயலியிடம் கேட்க வேண்டிய தேவை இருக்காது.

இப்படிக்கு,
கணினிப் பயிற்றுநர்கள்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்