மாறிப்போன கன்றுகளை எறியாதே

அன்புள்ள கண்ணுக்கு,

குடுவையில் திசு வளர்ப்பு முறையில் வளர்க்கும் வாழைக் கன்றுகளில் குட்டையாகவோ இலை மாறியோ வருவதையெல்லாம் உங்கள் ஆய்வுக்கூடத்தில் பொறுக்கி எறிந்துவிடுவதாகச் சொன்னாய். விற்பனைக்கு அது சரிதான். ஜி9 என்கிற கேவண்டிஷ் வாழை ரகத்தைக் கேட்டு வருகிற விவசாயிக்கு வேறொன்றைக் கொடுக்க முடியாது. ஆனால் எல்லாவற்றையும் எறிவது எனக்குப் பொறுக்கவில்லை.

வாழையின் நிலைமையை யோசித்துப் பார். நாம் சாப்பிடும் பெரும்பாலான ரகங்களுக்குக் குரோமோசோம் மூன்று தொகுதி, மொத்தம் 33. அது சரிபாதியாகப் பிரியாது, அதனால் விதையும் இல்லை. தாயும் தகப்பனும் கலந்து புதிதாக ஒன்று வரும் வழி அடைபட்டுவிட்டது. பாக்டீரியாவும் பிரிந்துதான் பெருகுகிறது, ஆனாலும் ஒன்றிடமிருந்து இன்னொன்று மரபணு வாங்கிக்கொள்ளும். 1946இலேயே லெடர்பெர்க், டேட்டம் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அதைக் காட்டிவிட்டார்கள். தோட்டத்து வாழைக்கு மிஞ்சியிருப்பது சடுதிமாற்றம் ஒன்றுதான். செல் பிரியும்போது டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து மாறும், ஒரு துண்டு விடுபடும் அல்லது இடம் பெயரும், சில சமயம் குரோமோசோமே கூடும், குறையும். குருத்து நுனியின் ஒரு செல்லில் அது நடந்து, அந்தச் செல்லின் வழி வந்த பகுதியிலிருந்து பக்கக்கன்று வெடித்தால் கன்று முழுக்க மாறிவிடும். செவ்வாழையில் திடீரென்று பச்சைத் தார் தள்ளுவது இப்படித்தான். கேவண்டிஷ் குடும்பத்தில் குட்டையும் நெட்டையுமாக இத்தனை ரகம் வந்ததும் இப்படித்தான், உங்கள் ஜி9 உட்பட. யாரோ ஒருவர் அந்தக் கன்றை வெட்டாமல் விட்டிருக்கிறார்!

குடுவையில் திரும்பத் திரும்பப் பிரித்து வளர்க்கும்போது மாற்றம் இன்னும் அதிகமாக வரும். தைவான்காரர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். மண்ணிலிருக்கும் பூஞ்சையால் வருகிற பனாமா வாடல் நோய் முதலில் குரோ மிஷெல் என்ற வாழை ரகத்தின் ஏற்றுமதியை 1960 வாக்கில் ஒழித்தது. அதற்கு மாற்றாக வந்த கேவண்டிஷையும் அப்புறம் அதே வாடலின் இன்னொரு வகை பிடித்துக்கொண்டது. தைவான் வாழை ஆய்வு நிலையத்தார் திசு வளர்ப்புக் கன்றுகளை நோய் கண்ட மண்ணிலேயே நட்டு, தப்பியவற்றை எடுத்தார்கள். முதலில் தப்பியவை பெரும்பாலும் விளைச்சலுக்கு லாயக்கில்லாதவை. அவற்றையே மறுபடி பெருக்கித் தேர்ந்தபோதுதான் நோயைத் தாங்குகிற ‘ஃபார்மோசானா’ போன்ற ரகங்கள் கிடைத்தன. வாடலைத் தாங்குமா என்பது இலையைப் பார்த்துத் தெரிகிற விஷயமில்லை, கண்ணு.

உன் மேலாளரிடம் பேசிப் பார். ரஸ்தாளியும் வளர்க்கிறீர்களே, அதில் மாறி வந்த கன்றுகளை எனக்கு அனுப்பச் சொல். நம் மேலக்காட்டில் ரஸ்தாளி வாடிப்போன இடம் சும்மாதான் கிடக்கிறது. ஜி9 வேண்டாம், இங்குள்ள வாடல் கேவண்டிஷைப் பிடிக்கிற அந்த வகை இல்லை, அதைத் தொடாது, நட்டாலும் ஒன்றும் தெரியவராது. மழைக்கு முன்னால் வந்தால் நல்லது.

அன்புடன்,
அப்பா