டூமை ஹேண்டிலோடு பிடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் குளச்சலில் ஃபைபர் வள்ளங்களுக்கு ஒட்டு வேலை செய்கிறவன். இருபத்தாறு வருடமாக ரெசின் என்கிற பிசினும் மேட் என்கிற கண்ணாடி இழை விரிப்பும்தான் என் பிழைப்பு. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் எங்கள் பக்கம் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகுகள் கரையில் கிடக்கும் அந்த நாட்களில்தான் எங்களுக்கு வேலை அதிகம். மூன்று நான்கு வருடமாக அந்த நெருக்கடிக்குள் பைக் ஃபேரிங்கை, அதாவது வண்டியை மூடும் வெளிக்கூட்டை, தூக்கிக்கொண்டு பையன்களும் வருகிறார்கள். போல்ட் ஓட்டையில் கீறினது, சைலன்சர் சூட்டில் வளைந்தது, ஹேண்டில் இடித்து உடைந்தது. "அண்ணாச்சி, ஒரு மேட் போட்டுத் தாங்க" என்பார்கள். ஒட்டிக் கொடுக்கிறேன். ஆனால் எங்கே தப்பு என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். என் மகன் பாலிடெக்னிக் முடித்தவன். அடிபட்டுக் கிடந்த ஒரு 150 சிசி வண்டியை வாங்கி, ஆர்.சி. புக்கைத் தன் பெயருக்கு மாற்றி, எங்கள் ஷெட்டில் எட்டு மாதம் உட்கார்ந்து அதைத் திரும்பக் கட்டினான். இன்ஜினைப் பிரித்துச் சேர்த்தது, வயரிங், பெயின்ட் எல்லாம் அவன் கைவேலை. எனக்கு அதில் பெருமை உண்டு. கடைசியாக ஆன்லைனில் ஒரு ஃபேரிங் கிட் வாங்கினான். முன்பக்கம் முகம்போல மூடும் ஒரு டூம், இரண்டு சைடு பேனல், இன்ஜினுக்கு அடியில் மூடும் ஒரு பெல்லி பேன். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று போட்டிருந்தது. கூடவே ஃபோர்க் பைப்பில், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்து ஹேண்டிலோடு திரும்பும் பைப்பில், மாட்ட நான்கு கிளாம்ப். வண்டியின் எலும்புக்கூடான செஸியில் டூமைப் பிடிக்க, அதைத் தாங்கும் எந்த ஸ்டாண்டும் இல்லை. எப்படி மாட்டுவது என்று ஒரு காகிதம்கூட இல்லை.

அவன் கிளாம்பிலேயே டூமை மாட்டினான். குளச்சலுக்குள் ஓட்டிப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. ஆடி மாதம் திருநெல்வேலிக்குப் புறப்பட்டான். ஆரல்வாய்மொழிக் கணவாயில் அந்த மாதத்துக் காற்று எப்படி அடிக்கும் என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை அதற்காகத்தானே நட்டிருக்கிறார்கள். ஒரு லாரியைத் தாண்டி வெளியே வந்த அந்த நொடியில் பக்கவாட்டுக் காற்று டூமைப் பிடித்துத் தள்ள, ஹேண்டில் கையில் நிற்காமல் ஆடியிருக்கிறது. எப்படியோ வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டிவிட்டான். போன் எடுத்தபோது அவன் குரல் நடுங்கியது. எனக்கும் நடுங்கியது.

வண்டி வீட்டுக்கு வந்ததும் பார்த்தேன். டூம் ஃபோர்க்கில் இருக்கிறது. ஃபோர்க் திரும்பினால் டூமும் திரும்பும். அப்படியானால் டூமைக் காற்று தள்ளினால் ஃபோர்க்கும் திரும்பத்தானே செய்யும்? சுக்கானிலேயே பாயைக் கட்டினால் வள்ளம் என்ன ஆகும் என்று கடலுக்குப் போகிற எந்தப் பிள்ளையும் சொல்லும். 2008-ல் வந்த யமஹா ஆர்15 போல கம்பெனியே ஃபேரிங்கோடு விட்ட வண்டியில் ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். ஹேண்டில் மட்டும் திரும்பும், முன்முகம் அப்படியே நிற்கும். அது செஸியில் பிடித்தது. அந்தக் காற்றும் வண்டியைத் தள்ளும்தான், ஆனால் ஹேண்டிலைப் பிடித்துத் திருக்காது.

அப்புறம் நானும் அவனும் சேர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தோம். இரும்புப் பைப்பை வளைத்து, வெல்டிங் பட்டறையில் கொடுத்து ஒரு ஸ்டாண்டு செய்தோம். செஸியில் வெல்டு வைக்க நான் விடவில்லை. ஏற்கெனவே உள்ள போல்ட் இடங்களில்தான் பிடித்தோம். பேனல்களை மாட்டியபோது ஓட்டைகள் ஒன்றுக்கொன்று ஒரு விரல் அகலம் விலகி நின்றன. "அப்பா, இழுத்து டைட் வெச்சா வந்துரும்" என்றான். "மக்களே, இழுத்து வெச்சா இன்னைக்கு நிக்கும், நாளைக்கு அந்த ஓட்டையிலதான் கீறும்" என்றேன். என்னிடம் வருகிற பத்து பேனலில் ஏழு அப்படிக் கீறினவைதான். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் இரண்டு சுற்று மட்டும் விட வேண்டும். பேனல் தானாகப் போய் உட்காருகிறதா என்று பார்த்த பிறகுதான் டைட். உட்காரவில்லை என்றால் ஸ்டாண்டைத் திருத்த வேண்டும், பேனலை அல்ல. ஓட்டையில் ரப்பர் புஷ், அதற்குள் சின்ன இரும்புக் குழல், மேலே அகல வாஷர். வள்ளத்தில் இன்ஜின் பிடிக்கும் இடத்தில் நாங்கள் செய்வதும் இதுதான்: இறுக்கம் இரும்பின் மேல் விழ வேண்டும், ஃபைபரின் மேல் விழக்கூடாது.

நட்டு கழலாமல் இருக்கத் தடவும் பசையை பிளாஸ்டிக் பக்கம் கொண்டுபோகவே கூடாது. பிரேக் ஆயிலும் அப்படித்தான். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் பட்டால் முடிபோலக் கீறல் விடும். (பிரேக்கில் சொல்கிற ஏபிஎஸ் வேறு, இது பிளாஸ்டிக்கின் பெயர்.) பேனலின் பின்பக்கம் ஏபிஎஸ் என்றோ பிபி என்றோ அச்சிட்டிருக்கும். பிபி என்றிருந்தால் என்னிடம் கொண்டுவந்து பயனில்லை, ரெசின் அதில் பிடிக்காது, இரண்டு மாதத்தில் தோலாக உரிந்து வரும்.

முக்கியமானது இன்னொன்று. மாட்டி முடித்து ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்கத் திருப்பினான். ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் தானாக உறுமியது. ஆக்சிலேட்டர் கேபிள் பேனலுக்கும் பைப்புக்கும் நடுவில் மாட்டி இழுபட்டிருக்கிறது. ஒரு சந்தில் வண்டியைத் திருப்பும்போது இது நடந்திருந்தால்? கேபிளை வேறு வழியாக விட்டுச் சரிசெய்தோம். பிறகு வள்ளம் கட்டும் கயிற்றை ஹேண்டில் மேல் போட்டு, முன்பக்கத்தை முழுக்க அமுக்கிக் கட்டிப் பார்த்தோம். முன்சக்கரம் பேனலைத் தொட இன்னும் சுண்டுவிரல் இடம்தான் இருந்தது, பேனலை மேலே ஏற்றினோம். பெல்லி பேனைக் கழற்றி வைத்துவிட்டோம். ஏபிஎஸ் 100 டிகிரி பக்கம் போனாலே இளகும். சைலன்சர் பைப் அதைவிட எவ்வளவோ சுடும், எங்கள் வண்டியில் நடுவே விட இடமில்லை.

சில பையன்கள் வீட்டிலேயே ஃபைபர் ஒட்டுகிறார்கள். தயவுசெய்து இதை மட்டும் எழுதி வையுங்கள்: ரெசினைக் கெட்டியாக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேராக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கும். ரெசினில் கோபால்ட்டை முழுக்கக் கலக்கி முடித்த பிறகே கேட்டலிஸ்ட். இரண்டையும் ஒரே அளவுக் குப்பியில் ஊற்றவும் கூடாது.

சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் அதை உறுதிப்படுத்தியது. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு, ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. சரி, சட்டம் வேண்டியதுதான். ஆனால் உடைந்த பேனலுக்குப் பதிலாக அதே வடிவத்தில் வேறொன்று மாட்டுவது, வெறும் வண்டிக்கு டூம் போடுவது, சைலன்சரைப் பிடுங்கி ஊரை அலறவைப்பது எல்லாம் ஒன்றா? எது கூடும், எது கூடாது என்று நாகர்கோவில், மார்த்தாண்டம் போக்குவரத்து அலுவலகங்கள் தமிழில் ஒரு பக்கம் எழுதி வாசலில் ஒட்டினால், பையன்கள் பணத்தைக் கொட்டுவதற்கு முன்பே படிப்பார்கள். எங்கள் பக்கம் வண்டி கட்டுகிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் போக்கிரிகள் இல்லை. ராத்திரி இரண்டு மணி வரை ஸ்பேனரோடு உட்கார்ந்து கற்றுக்கொள்கிறவர்கள்.

கிட் விற்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். எந்தப் பிளாஸ்டிக், எந்த வண்டிக்கு, செஸியில் எங்கே பிடிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். ஃபோர்க் கிளாம்ப் மட்டும் போட்டு டூமை விற்காதீர்கள்.

இந்தத் தடைக்காலத்திலும் பேனல் கொண்டுவருகிறவர்கள் வரட்டும். பேனலை மட்டும் கொண்டுவராமல் வண்டியையும் கொண்டுவரட்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிக் காட்டிய பிறகுதான் நான் மேட் வெட்டுவேன்.

இப்படிக்கு,
ஃபைபர் படகுத் தொழிலாளி ஒருவர்,
குளச்சல்.