செயலாளர் அறிக்கை 2024–25: கீழடி விரிவாக்கத்தின் செலவு யார் தலையில்?

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். வாய்க்கால் தூர்வாரக் கேட்டு இரண்டு மனு கொடுத்தோம். ஒன்று நடந்தது, மற்றது கிடப்பில் கிடக்கிறது. தெருவிளக்குகள் எரிகின்றன. சந்தா பாக்கிக்காரர்கள் பெயரை இந்த ஆண்டும் வாசிக்கவில்லை, அவரவருக்கே தெரியும்.

ஆண்டு முழுக்க நாம் கூடிப் பேசியது கீழடி அகழாய்வுத் தள விரிவாக்கத்தைப் பற்றித்தான். 18.43 கோடி ரூபாயில் 2 ஏக்கரில் கட்டிய அருங்காட்சியகம் 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்டது. 2025 ஜனவரியில் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பீடு 17.10 கோடி. பழைய ஊர் புதைந்து கிடக்கும் பள்ளிச்சந்தைத் திடல் மேடு சுமார் 110 ஏக்கர். இதுவரை தோண்டியது அதில் சிறு பகுதிதான். ஆகவே இது இத்தோடு நிற்கப்போவதில்லை.

"இவ்வளவு பணம் எதற்கு?" என்று ஒரு கூட்டத்தில் கேள்வி வந்தது. பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 15 ரூபாய். கட்டடச் செலவை மட்டும் அதில் எடுப்பதானால் 1 கோடியே 22 லட்சம் பேருக்கு மேல் சீட்டு வாங்க வேண்டும். நான் சொன்னது இதுதான்: பள்ளிக்கூடம் கட்டினால் லாபக் கணக்கா பார்க்கிறோம்? கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்குப் போகும் ஊரைக் காப்பது பொதுச் செலவு. அதை எல்லோருடைய வரிப்பணமும் தாங்கட்டும். ஆனால் மண்ணுக்குச் சொந்தக்காரன் மட்டும் தனியாகத் தாங்கும் செலவு ஒன்று உண்டு. அது எந்த மதிப்பீட்டுப் பலகையிலும் எழுதப்படுவதில்லை.

முன்பு தென்னை வரிசைகளுக்கு நடுவே குழி வெட்டி, ஆய்வு முடிந்ததும் மண்ணை மூடி நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். திறந்தவெளிக் காட்சி என்றால் குழி மூடப்படாது, நிலமும் திரும்பாது. செங்கல் சுவர்களை மழையிலும் வெயிலிலும் விட்டுவைக்க முடியாது. கூரை, வடிகால், காவல் எல்லாம் ஆண்டுதோறும் வேண்டும். அடிக்கல் நாட்டும் நாளில் இந்தப் பராமரிப்புச் செலவை யாரும் பேசுவதில்லை.

நிலம் எடுப்பதானால் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி கிராமப்புறச் சந்தை மதிப்பை நம் மாநிலத்தில் 1.25 ஆல் பெருக்கி, அதற்குச் சமமான ஆறுதல் தொகையையும் சேர்த்துத் தர வேண்டும். மரங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தச் சந்தை மதிப்பு எங்கிருந்து வருகிறது? பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பிலிருந்தும் அக்கம்பக்கத்துக் கிரயப் பத்திரங்களிலிருந்தும். முத்திரைக் கட்டணத்துக்குப் பயந்து நாம் குறைத்து எழுதிய பத்திரம் நமக்கே வினையாக வந்து நிற்கிறது. இதைச் சொன்னபோது கூட்டத்தில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானும்தான்.

விவரம் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தோம். 'மேலிடத்திலிருந்து வரவில்லை' என்பதே பதில். எனவே எழுத்தில் மூன்று கோரிக்கைகள் வைத்திருக்கிறோம்: எந்தப் புல எண்கள் தேவை என்பதை முன்கூட்டியே ஊரில் ஒட்ட வேண்டும், காய்க்கும் தென்னைக்கு வயது பார்த்து மதிப்புப் போட வேண்டும், சீட்டுக் கொடுக்கவும் காவலுக்கும் ஆள் எடுக்கும்போது நிலம் கொடுத்த குடும்பத்துக்கு முதலிடம் வேண்டும். கையெழுத்திடாதவர்கள் இன்று போட்டுவிட்டுப் போகலாம். தாள் என்னிடம் இருக்கிறது.

மனு நகல், பேருந்துச் செலவு, தேநீர் அனைத்துக்கும் ரசீது வைத்திருக்கிறேன். வரவு செலவுக் கணக்கை இப்போது பொருளாளர் வாசிப்பார்.