‘பேச்சு’ என்றொரு ஸ்டைல்

பினாங்கு,
ஞாயிறு மாலை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாயிற்று. தோட்டத்துக் கதைகளில் மூழ்கிவிட்டேன். செபராங் பிறைப் பக்கம் பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்த, பெரியவர்கள் சொல்வதை எழுதி வருகிறேன் அல்லவா, அது 120 பக்கத்தைத் தாண்டிவிட்டது. சனிக்கிழமையானால் ஃபெர்ரி ஏறிப் பட்டர்வொர்த் போய்விடுகிறேன். முட்டிவலி பரவாயில்லை. மகளுக்கு ஈப்போவில் வேலை கிடைத்திருக்கிறது.

அம்மாவின் சமையல் குறிப்புகளை நீ தட்டச்சு செய்வதாகப் படித்ததும் மனம் நிறைந்தது. தலைப்புகள் ஆளுக்கொரு அளவில் நிற்கின்றன என்று அலுத்துக்கொண்டாயே, நானும் அந்தப் பாடு பட்டவன்தான். 40 தலைப்பையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்து, தடிப்பாக்கி, அளவு வைத்தேன். அச்சகத்தில் “தலைப்பைக் கொஞ்சம் சின்னதாக்குங்க” என்றார்கள். அன்றிரவு திறந்து பார்த்தால் சிலது 18, சிலது 20. மறுபடி முதலிலிருந்து.

நீ அப்படிச் செய்யாதே. வேர்டில் ஹோம் பகுதியிலேயே ஸ்டைல்கள் வரிசையாக இருக்கும். ‘நண்டுக் குழம்பு’ என்ற வரியில் கர்சரை வைத்து ‘ஹெடிங் 1’ஐச் சொடுக்கு. மற்றத் தலைப்புகளுக்கும் அதுவே. அப்புறம் ஹெடிங் 1 மேல் வலது சொடுக்குப் போட்டு ‘மாடிஃபை’ போ. அங்கே ஒருமுறை மாற்றினால் எல்லாத் தலைப்பும் மாறும். இது தலைப்பு, இது செய்முறை என்று வரிக்கு ஒரு பெயர் கொடுத்துவிட்டால் போதும், தோற்றத்தை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். முன்பே கையால் திருத்திய வரிகள் மட்டும் மசியாது. அவற்றைத் தேர்ந்து கன்ட்ரோலையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்து. நீ போட்ட சாய்வெழுத்தும் அதோடு போய்விடும், கவனம்.

தமிழுக்கு இன்னொரு சங்கதி உண்டு. மாடிஃபை பெட்டியின் அடியில் ‘ஃபார்மட்’, அதற்குள் ‘ஃபான்ட்’ போனால் எழுத்துருவுக்கு இரண்டு இடம் இருக்கும். ஒன்று லத்தீன் எழுத்துக்கு, மற்றது ‘காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’. தமிழ் இரண்டாவதில்தான் சேர்த்தி. அளவும் தடிப்பும்கூட அங்கே தனி. முதலாவதை மட்டும் மாற்றினால், லத்தீன் எழுத்தில் மலாயில் எழுதிய ‘ரெண்டாங்’ பெரிதாகும், பக்கத்தில் ‘மீன் குழம்பு’ அப்படியே சிறுத்து நிற்கும். உனக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். இரண்டாவது இடமே தெரியவில்லையென்றால் வேர்டின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துவிடு.

‘ஆட்டோமேட்டிக்கலி அப்டேட்’ என்ற கட்டத்தில் மட்டும் டிக் வைக்காதே. பெரியவர்கள் தம் வாயால் சொன்னவற்றுக்கென்று ‘பேச்சு’ என ஒரு ஸ்டைல் செய்து, அதில் நான் டிக் வைத்துவிட்டேன். ஒரு பாட்டியம்மாவின் பத்தியைச் சாய்வாக்கினேன், எல்லார் பேச்சும் சேர்ந்து சாய்ந்துவிட்டது.

சரி, அந்த ‘பேச்சு’ எதற்கு உதவியது தெரியுமா? போன வாரம் ஒரு பெரியவரிடம் அவர் சொன்ன பகுதியைக் கொடுத்தேன். 84 வயது. கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, “எழுத்து எறும்பு மாதிரி இருக்கு தம்பி” என்று திருப்பிக் கொடுத்தார். மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பேச்சை 12இலிருந்து 20 ஆக்கி, அவருக்கென்று ஒரு படி எடுத்துவிட்டு, அச்சகத்துக்காகத் திரும்ப 12 ஆக்கினேன். ஒரு நிமிட வேலை. நேற்று கொண்டுபோய்க் கொடுத்தேன். இருட்டு விலகுமுன் தோட்டத்து லயவீட்டில் மனைவி அடுப்பு மூட்டியதைச் சொல்லியிருந்த பத்தியில் விரலை வைத்து, வாய்விட்டு மூன்று முறை படித்தார்.

உன் கோப்பை அனுப்பி வை, தலைப்புகளை நான் ஒருமுறை பார்க்கிறேன். அம்மாவுக்கும் ஒரு படி பெரிய எழுத்தில் எடுத்துக் கொடு.

அன்புடன்,
உன் நண்பன்