மூல நட்சத்திரமும் மாமனார்களும்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் படித்ததிலிருந்து மனசு ஆறவே இல்லை. உன் பெண்ணைப் பிடித்திருக்கிறது, அவள் வேலை பிடித்திருக்கிறது, எல்லாம் பேசி முடித்துக் கை நனைக்கப்போகிற நேரத்தில் "மூலமாச்சே, மாமனாருக்கு ஆகாதே" என்று மாப்பிள்ளை வீட்டார் ஒதுங்கிக்கொண்டார்கள் என்றால் எப்படித்தான் பொறுத்துக்கொண்டாயோ.

படித்தவர்கள்கூட ஏன் இதை நம்புகிறார்கள் என்று கேட்டிருந்தாய். நிலா சுமார் 27 நாளில் 27 நட்சத்திரத்தையும் சுற்றி வந்துவிடுகிறது, அதாவது நாளுக்கு ஒரு நட்சத்திரம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பெண்கள் மட்டும் சுமார் 3.6 கோடி. அப்படியானால் மூலத்தில் பிறந்தவர்கள் ஏறக்குறைய 13 லட்சம் பேர்! அத்தனை பேருடைய மாமனாரும் அற்பாயுசிலா போகிறார்கள்? ஆனால் கல்யாண வயதில் பிள்ளை இருக்கிறவருக்கு ஐம்பத்தைந்து அறுபது வயது, சுகர் பிரஷர் எல்லாம் இருக்கும், மூலத்து மருமகள் வந்த வீட்டில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் தெருவே அதைப் பத்து வருஷம் பேசும், ரோகிணி மருமகள் வந்த வீட்டில் ஆனால் யாரும் நட்சத்திரத்தைக் கேட்கவே மாட்டார்கள். அப்புறம் "பெண் மூலம் நிர்மூலம்", "பூராடம் கழுத்தில் நூலாடாது" என்று எதுகையோடு சொல்லிவைத்துவிட்டார்கள், கேட்டவுடன் மனசில் ஒட்டிக்கொள்கிறது.

பயமும் ஒரு காரணம். முதல் உலகப் போர்க் காலத்தில் நியூகினி பக்கத்து டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்த மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் எழுதியிருக்கிறார்: அங்கே கரையோரக் காயலில் மீன் பிடிக்க மந்திரம் கிடையாதாம், ஆழ்கடலுக்குப் போகும்போதுதான் மந்திரம், சடங்கு எல்லாம். நம் ஊரில் கல்யாணம்தான் அந்த ஆழ்கடல். எது எப்படிப் போகும் என்று யாருக்கும் தெரியாது, பார்த்து வைத்தால் என்ன நஷ்டம் என்று நினைக்கிறார்கள். நஷ்டம் அவர்களுக்கு இல்லை மீனா, உன் பெண்ணுக்கு. எனக்குக் கோபமே அங்கேதான். பூனை குறுக்கே போனால் ஒரு நிமிஷம் நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவரால் யாருக்கும் கெடுதல் இல்லை, அது போகட்டும். ஆனால் அண்ணன் பெண்ணின் நலங்கு அன்று, அப்பா போனபின் நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாது என்று என் அம்மா, யாரும் எதுவும் சொல்லாமலே, தானாகவே அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டாள். கல்யாணப் பெண்தான் மணையிலிருந்து எழுந்து போய் "பாட்டி வைக்காமல் எனக்கு நலங்கு வேண்டாம்" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தாள். மஞ்சள் பூசும்போது அம்மாவின் விரல் நடுங்கியதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

பிறந்த நேரத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதிவிடலாம் என்று உன் நாத்தனார் சொன்னதைக் கேட்காதே. முன்னால் தள்ளினால் கேட்டை, மூத்தாருக்கு, அதாவது கணவனின் அண்ணனுக்கு, ஆகாது என்பார்கள். பின்னால் தள்ளினால் பூராடம். ஆயில்யம் மாமியாருக்கு, விசாகம் கொழுந்தனுக்கு என்று இன்னும் இரண்டு. ஐந்தையும் சேர்த்தால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பெண்ணை இப்படித் தள்ளிவைத்திருக்கிறோம். ஜோசியர்களிலேயே சிலர், மூலத்தில் முதல் பாதத்துக்கு மட்டும்தான் தோஷம் என்கிறார்கள், சிலர் அதுவும் இல்லை என்கிறார்கள். அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாத ஒன்றுக்காக நாம் ஏன் பொய் சொல்ல வேண்டும்? மூலம் என்று முதல் வரியிலேயே எழுது, வேண்டாம் என்கிறவர்கள் முதலிலேயே விலகட்டும்.

எனக்கு முட்டிவலி பரவாயில்லை, படி ஏற முடிகிறது. பொங்கல் லீவில் அவளையும் கூட்டிக்கொண்டு வா, நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம். அவளிடம் நானும் பேச வேண்டும்.

அன்புடன்,
கோமதி